தேநீர்க் கோப்பையின் வட்டம்

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலே எங்கள் வீடு இருக்கின்றது. பாலை மரமும் ஊற்றும் சேர்ந்து பெயர் கொடுத்த ஊர் இது. மாலை வேளையில் துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். லூர்து அன்னை ஆலயத்து மணியோசையும் கேட்கும். அவ்விரண்டையும் அனுபவித்தபடி என் தந்தையார் நாள்தோறும் சாய்ந்திருந்த கதிரையொன்று எங்கள் விறாந்தையில் கிடக்கின்றது. அதனைப் பழுது பார்க்கப் புகுந்து நான் செய்த பிழையையும், அப்பிழையால் அறிந்துகொண்ட உண்மையையும் இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

அது ஒரு சாய்மனைக் கதிரை. கால் நீட்டி இளைப்பாறுவதற்கென்று நீண்ட கைகளை உடையது. இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். சட்டம் முழுவதும் முதிரை மரம். கிழக்கிலங்கையின் வறண்ட காடுகளில் வளரும் முதிரை, கனத்ததும் இறுகியதுமான மரம். இழைத்து மெருகிட்டால் பொன்னிறப் பட்டுப்போல் ஒளிரும். இத்தகைய கதிரைகள் வெள்ளையர் காலத்துத் தோட்டத்துரைமார் வீடுகளிலும் அதிகாரிகள் விடுதிகளிலும் இருந்தன. கதிரை என்னும் சொல்லும் நமக்குக் கடல்வழியாக வந்ததே. மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் என்பனபோல அதுவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். 1624ஆம் ஆண்டில் அவர்கள் கோணமாமலையிலே எழுப்பிய கோட்டை கைமாறிக் கைமாறி வேற்றுப் பெயர் பெற்றுவிட்டது; சொற்களோ நம் வீட்டுக்குள்ளே குடியிருக்கின்றன.

எங்கள் கதிரை 1957ஆம் ஆண்டிலே வீட்டுக்கு வந்தது. பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்த ஆண்டு அது. புறப்பட்டுப்போன அதிகாரி ஒருவர் தம் தளபாடங்களை விற்றபோது, கடற்படைத் துறையிலே எழுதுவினைஞராக இருந்த என் அப்பப்பா இதனை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அப்பப்பா இருந்தவரை அது அவருடையது. அவருக்குப் பின் அப்பாவுடையதாயிற்று. வேறெவரும் அதில் அமர்வதில்லை. அமரக்கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, உடுத்த உடையோடு நாங்கள் வீட்டைவிட்டு வெளியேறினோம். பல மாதங்களின் பின் திரும்பியபோது வீட்டில் கதவுகளும் இல்லை, யன்னல்களும் இல்லை. கதிரை மட்டும் கொல்லைப்புறத்திலே மாரி மழையில் நனைந்தபடி கிடந்தது. பிரம்பு அழுகியிருந்தது, மூட்டுகள் ஆடின. அப்பா அதனைத் தூக்கி வந்து, கிடைத்த இரும்பு ஆணிகளை அடித்து, பிரம்பிருந்த இடத்தில் நைலோன் நாடாவைப் பின்னி, அன்று மாலையே அதிற் சாய்ந்துகொண்டார். அம்மா தேநீர் கொண்டுவந்து கதிரையின் வலக்கையில் வைத்தார். வீடு வீடானது அந்தக் கணத்திலேதான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகின்றது.

அப்பா மறைந்து ஐந்தாண்டுகளாகின்றன. கடற்காற்றில் ஆணிகள் துருவேறி மரத்தைப் பிளந்தன; ஒரு பின்னங்கால் கழன்று விழுந்தது. கடல்கடந்து வாழும் என் தம்பி, "புதிய கதிரை வாங்குங்கள், பணம் அனுப்புகின்றேன்" என்று தொலைபேசியிற் சொன்னான். அம்மா மறுத்துவிட்டார். "புதிதில் யார் இருப்பது?" என்பதே அவர் விடை. ஆதலால் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன் அதனைச் சீர்செய்து அம்மாவின் கண்முன் நிறுத்துவதென்று முடிவு செய்தேன். தச்சுத்தொழில் அறியாதவனுக்கு ஆர்வம் மட்டும் நிறைய இருந்தது.

பழைய தளபாடங்களிற் பெரும்பாலும் அரக்கு மெருகே பூசியிருப்பார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் துப்புரவாக்கி, சாராவியிற் கரைத்துப் பூசுவது அம்முறை. சாராவி தோய்ந்த துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். மெருகு இளகிப் பிசுபிசுத்தது. அரக்குத்தான் என்று தெரிந்தது. மகிழ்ச்சியோடு வலக்கையில் வேலையைத் தொடங்கினேன். அக்கையின் மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் ஒன்றன்மேலொன்றாக இருந்தன. சூடும் ஈரமும் பட்டால் அரக்கு மெருகு வெளிறிவிடும். அவை தேநீர்க் கோப்பையின் அடித்தடங்கள். அவற்றை அழுக்கென்றே கொண்டு, சாராவியாற் கழுவி, மணற்கடதாசியால் ஒரு நாள் முழுவதும் தேய்த்தேன். முதிரைத் தூள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது என்பதை அப்போது அறியேன். முழங்கை வரை தடித்துச் சிவந்தது. ஆயினும் மாலையில் அந்தக் கை இளமஞ்சளாக ஒளிர்ந்ததைக் கண்டு பெருமைப்பட்டேன்.

அம்மா தேநீர் கொண்டுவந்தார். கதிரையருகே நின்றார். கோப்பை அவர் கையிலேயே இருந்தது.

"தம்பி, இதிலிருந்த வட்டங்கள் எங்கே?"

"அழுக்கம்மா. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிரவு அவர் உண்ணவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். மணமாகி வந்த நாள் முதலாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், மாலைதோறும் அவ்விடத்திலே கோப்பையை வைத்தவர் அவர். அவர் கடிதம் எழுதியதில்லை, நாட்குறிப்பு வைத்ததுமில்லை. இடம்பெயர்ந்தபோது கலியாணப் படமும் போய்விட்டது. அந்த வாழ்வுக்கு எழுத்திலே இருந்த ஒரே சான்றை நான் மணற்கடதாசியால் அழித்திருந்தேன்.

மறுநாள் வேலையை நிறுத்திவிட்டு, முதிய ஓடாவியார் ஒருவரிடம் சென்றேன். வள்ளங்களுக்கும் வீடுகளுக்கும் மரவேலை செய்து கைதேர்ந்தவர். வந்து பார்த்தார். நடந்ததைச் சொல்லி, "ஐயா, அந்த வட்டங்களைப் பழையபடி உண்டாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"கோப்பையைச் சூடாக்கி வைத்தால் வட்டம் வரும், தம்பி. ஆனால் அது நீ வைத்த வட்டம். அம்மா வைத்ததாகாது. போனது போகட்டும், இருப்பதைக் காப்போம்" என்றார்.

பிறகு அவர் செய்த வேலையை அருகிருந்து பார்த்தேன். முதலில் இரும்பு ஆணிகளை ஒவ்வொன்றாக, மரம் பிளவாதபடி பிடுங்கினார். "உன் அப்பா அவசரத்துக்கு அடித்தது. குற்றமில்லை, இத்தனை காலம் தாங்கியிருக்கிறது" என்றார். மூட்டுகள் ஆணியை நம்பிச் செய்யப்பட்டவையல்ல. ஒரு மரத்தின் துளைக்குள்ளே மற்றதன் கழுந்து இறங்கி நிற்க, வச்சிரப் பசை அதனைப் பற்றியிருக்கும். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அப்பசை சூட்டுக்கும் நீருக்கும் இளகிவிடும். ஆதலால்தான் மாரி மழையில் மூட்டுகள் ஆடின. ஆனால் அந்தக் குறையே குணமுமாகும். சுடுநீர்த் துணியை வைத்து எஞ்சிய பசையை இளக்கி, மரத்துக்கு ஊறில்லாமல் மூட்டுகளைக் கழற்றினார். இக்காலத்து வன்பசையால் ஒட்டியிருந்தால் உடைத்தல்லவா பிரித்திருக்க வேண்டும்! பழைய கைவினைஞர், தமக்குப் பின் ஒருவன் பழுது பார்க்க வருவான் என்பதை எண்ணியே வேலை செய்தார்கள் போலும்.

பிளந்த காலில், பழுதான பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வேறொரு பழைய முதிரைத் துண்டை இழையோட்டம் பார்த்து இணைத்தார். மூட்டுகளைப் புதுப் பசையிட்டுக் கயிற்றால் முறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்தார். பின்னர் பிரம்பு வேலை. பிரம்பின் மேற்பட்டையைச் சீவி எடுத்த நாரை நீரில் ஊறவைத்து, முதலில் நெடுக்காகவும் பின் குறுக்காகவும் இழுத்து, அவற்றின்மேல் மீண்டும் ஒரு வரிசை ஓட்டி, இறுதியில் இரு பக்கமும் சாய்வாகப் பின்னினார். எண்கோணக் கண்கள் வரிசையாகத் தோன்றின. ஈரத்திலே பின்னியது உலர்ந்ததும் தானாகவே இறுகி, தட்டினால் மேளம்போல் ஒலித்தது.

இறுதியில் இரண்டு கேள்விகள் எழுந்தன. இடக்கையையும் வலக்கைக்கு ஒப்பத் தேய்ப்பதா? அப்பா பத்திரிகை வாசிக்கும்போது மோதிர விரலாற் தட்டித் தட்டி உண்டான சிறு பள்ளம் அதிலே இருந்தது. தொடவேண்டாம் என்றேன். ஈரத்துணியால் தூசியை மட்டும் துடைத்தார். மற்றது, மெருகு. சூட்டுக்கும் நீருக்கும் அசையாத புதுவகை மெருகெண்ணெய் கடையில் உண்டு; கோப்பை வைத்தாலும் தடம் விழாது. எது வேண்டுமென்று ஓடாவியார் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"முந்தி இருந்ததையே பூசுங்கோ" என்றார் அம்மா.

திவசம் முடிந்து உறவினர் கலைந்த மாலை, கதிரை வழமையான மூலையில் இருந்தது. ஒரு கை புதிது, மறுகை பழையது. பார்ப்பவர்கள் வேலை பாதியில் நின்றதோ என்று கேட்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. அன்று அம்மா இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் தந்தார். மற்றதை வைத்துக்கொண்டு சற்று நின்றவர், மெல்லக் கதிரையில் அமர்ந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அதில் அமர்ந்தது அதுவே முதன்முறை. இடக்கையின் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கோப்பையை வலக்கைமேல் வைத்தார்.

அவர் எழுந்து போனபின் பார்த்தேன். புது மெருகின்மேல் வெண்மையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. துடைக்கும் துணி என் தோளிலேயே கிடந்தது. நான் அதனை எடுக்கவில்லை.