பெயருக்கு ஓர் இடம்

வீட்டிலுள்ள குறுந்தகடுகளைக் கணினியில் பட்டியலிடும் வேலையைச் சென்ற கோடை விடுமுறையில் மேற்கொண்டேன். மொத்தம் 340 தகடுகள். பெரும்பகுதி கர்நாடக இசையும் நாகசுரமும். கடையில் வாங்கியவை போக, 60 தகடுகள் என் தந்தையார் கோயில் கச்சேரிகளில் ஒலிநாடாவில் பதிந்தவை. பின்னாளில் வீட்டிலேயே தகட்டுக்கு மாற்றினோம். அவர் இப்போது இல்லை. நாடாக்களும் பூஞ்சை பிடித்துப் போயின.

பட்டியலுக்கு டெல்லிகோ என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்துகொண்டேன். தகட்டை உள்ளே இட்டால் பாடல்களின் பெயர்கள் திரையில் வந்து நிற்பது முதலில் வியப்பளித்தது. உண்மையில் பெரும்பாலான குறுந்தகடுகளில் பெயர் எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. ஒவ்வொரு பாடலும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும், ஒரு நொடியை 75 கூறுகளாகப் பகுத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் அவ்வெண்களிலிருந்து தகட்டுக்கோர் அடையாளத்தைக் கணித்து, இணையத்திலுள்ள தரவுத்தளத்தை வினவுகிறது. இதே தகட்டை வைத்திருந்த முகமறியா ஒருவர் தட்டச்சிட்ட விவரமே நமக்கு விடையாக வருகிறது. அவ்வாறு நெடுங்காலம் உதவிய ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. இன்று மியூசிக்பிரெயின்ஸ் அப்பணியைச் செய்கிறது.

வந்த விவரங்களைச் சரிபார்க்கத் தொடங்கியபோதுதான் வேலையின் தன்மை புரிந்தது. பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு முன்னே நகர்த்தும் வசதி ஒன்று உண்டு. அதன் கணக்கில் நாகசுரக் கலைஞர்களில் பாதிப்பேர் ‘பிள்ளை’ என்ற ஒரே குடும்பத்தவராகிவிடுகிறார்கள். எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு; ஊரும் தாயும். எம்.எல். வசந்தகுமாரியின் முன்னெழுத்துகளும் மதராஸ், லலிதாங்கி என ஊரையும் தாயையும் சொல்பவை. நம் பெயர்களில் மரபு முன்னெழுத்தில் இருக்கிறது, இறுதியில் அன்று. அவ்வசதியை நிறுத்திவைத்தேன்.

அடுத்தது பக்கவாத்தியம். கலைஞர், தொகுப்பு, பாடல், ஆண்டு என்பவை ஆயத்தமாக உள்ள புலங்கள். இராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், தவில் ஆகியவற்றை நாமே சேர்க்க வேண்டும். டெல்லிகோ அதற்கு இடமளிக்கிறது. மியூசிக்பிரெயின்ஸிலும் கர்நாடக இராகத்துக்கும் தாளத்துக்கும் தனி இடமுண்டு. ஆனால் நிரப்ப ஆள் வேண்டும். என்னிடமுள்ள சில நாகசுரத் தகடுகளின் அட்டையிலேயே தவில் வாசித்தவர் பெயர் இல்லை. ஒரு மணி நேரம் உடன் வாசித்தவர், அட்டையில் அரை வரிகூடப் பெறவில்லை.

வகுப்பில் பரிபாடல் நடத்தும்போதெல்லாம் மாணவர் கவனத்துக்குக் கொண்டுவரும் செய்தி ஒன்றுண்டு. கிடைத்துள்ள பாடல்களில் பெரும்பாலானவற்றின் இறுதியில் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் என்னும் மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. எழுபதில் முழுமையாகக் கிடைத்தவை 22தாம். அவற்றுக்கு வகுத்த இசை நமக்கு எட்டவேயில்லை. ஆயினும் இசை வகுத்த பெட்டனாகனாரும் கண்ணனாகனாரும் பெயரளவில் வாழ்கிறார்கள். ஏட்டில் எவரோ அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியதுதான் காரணம்.

தந்தையாரின் 60 தகடுகளை எந்தத் தரவுத்தளமும் அறியாது. அவற்றின்மேல் அவர் கையெழுத்தில் ‘தோடி, நல்ல தனி’ என்பதுபோன்ற குறிப்புகள் மட்டுமே. ஆகவே என் தாயாரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டேன். அவருக்கு வயது 82. ஒரு மல்லாரி தொடங்கிய சற்று நேரத்தில், “இது பங்குனி உத்திரத்துக் கச்சேரிடா. தவில் வாசிச்சவரு நம்ம வீட்லதான் சாப்பிட்டாரு” என்று சொல்லி, அவர் பெயரையும் ஊரையும் சொன்னார். பட்டியலில் ‘சொன்னவர்’ என்று புதிய புலம் ஒன்றைச் சேர்த்தேன். அவருக்கும் நினைவில்லாத பதிவு ஒன்றில், ஆலாபனைக்கு நடுவே தகரக்கூரையில் மழை கொட்டுகிறது. குறுந்தொகையைத் தொகுத்தோர் பெயரறியாப் புலவரை அவர் பாடலின் தொடராலேயே ‘அணிலாடு முன்றிலார்’ என்றழைத்தார்கள் அல்லவா? அவ்வழியில் இதற்கு ‘மழைக் கச்சேரி’ என்று பெயரிட்டேன்.

வீட்டில் பதிந்த தகடுகளில் ஒலி ஒரு சாயப் பூச்சில் பதிவாகிறது. ஒளியும் வெப்பமும் பட்டு அச்சாயம் மங்கும். 60இல் 11 தகடுகளை இப்போதே கணினியால் படிக்க இயலவில்லை. எஞ்சியவற்றைப் படியெடுத்து இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். படிக்க முடியாத பதினொன்றையும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அவற்றில் ஏழின் கலைஞர்களைத் தாயார் கையெழுத்துக் குறிப்பைக் கேட்டே சொல்லிவிட்டார்; அப்பெயர்கள் அங்கே இருக்கட்டும்.

நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் இத்தகைய தகடுகள் இருக்கக்கூடும். மென்பொருள் எதுவானாலும் சரி, வெறும் குறிப்பேடானாலும் சரி. கேட்டு அடையாளம் சொல்லக்கூடியவர் அருகில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.