ரசீதின் கடைசி வரி

கம்ப்யூட்டர் எரிந்துபோனால், வாங்கியவர் "எனக்கு மட்டமான பொருளை விற்றுவிட்டார்கள்" என்றுதான் முதலில் சொல்வார். மனுவையும் அப்படியே எழுதினால் வழக்கு அங்கேயே சிக்கிக்கொள்ளும். பொருளில் உள்ள குறை பரிசோதிக்காமல் தெரியாது என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38ஆவது பிரிவுப்படி அதை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டும். ஆனால் கருகிப்போன ஒரு பலகையை வைத்துக்கொண்டு, கருகுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று அறுதியிட்டுச் சொல்வது அரிது. வேங்கிக்கால் இளைஞர் ஒருவரின் வழக்கில் நான் முதலில் தாண்ட வேண்டியிருந்தது இந்தப் பள்ளத்தைத்தான்.

கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே வாடகை வீடு. பகலில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வார். இரவில் கேம் ஆடி நேரலையாக ஒளிபரப்புவார். 2022-இல் சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினார். ரசீதில் பிராசசர் இன்டெல் ஐ9-12900கே, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080 என்று எல்லாம் விவரமாக இருந்தன. கடைசி வரியில், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கு மட்டும் வெறும் '650 வாட் எஸ்எம்பிஎஸ்'. கம்பெனி பெயரும் இல்லை, மாடலும் இல்லை. சில மாதங்களில், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எஸ்எம்பிஎஸ் வெடித்து, கிராஃபிக்ஸ் கார்டையும் கொண்டுபோனது. மின்சார ஏற்ற இறக்கத்துக்கு வாரண்டி கிடையாது என்று கடை கைவிரித்தது. "உங்க ஊரு கரன்ட்டு சரியில்லன்றாங்க சார். அதே லைன்லதான் எங்க வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் ஓடுது" என்றார் அவர்.

நான் மனுவை வேறு மாதிரி எழுதினேன். எஸ்எம்பிஎஸ் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே போகவில்லை. இந்தக் கம்ப்யூட்டருக்கு இது போதும் என்று தேர்ந்தெடுத்தது யார்? கடைக்காரர். அந்தத் தேர்வுக்கும் சேர்த்துத்தான் அவர் அசெம்பிள் கூலி வாங்கினார். ஆகவே இது சேவைக் குறைபாடு. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கூட்டல் கணக்கு போதும். அந்த கிராஃபிக்ஸ் கார்டு 320 வாட் இழுக்கும். பிராசசர் முழு வேகத்தில் 241 வாட் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்து 561. மதர்போர்டு, மின்விசிறிகள், டிஸ்க் எல்லாம் இதற்கு மேல். போதாததற்கு, இத்தகைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தம் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுத்து விடுபவை. இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் கார்டைத் தயாரித்த என்விடியாவே குறைந்தது 750 வாட் வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பின் அச்சுப் பிரதிதான் எங்கள் முக்கியச் சான்றாவணம்.

எஸ்எம்பிஎஸ் மேல் '80 பிளஸ்' முத்திரை இருந்ததே என்றது எதிர்த்தரப்பு. பலரும் ஏமாறும் இடம் இது. அந்த முத்திரை, உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைச் சொல்வது. சுமை மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளுமா என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை. 2021-இல் கிகாபைட் நிறுவனம், தங்க முத்திரை பெற்ற தன் 750, 850 வாட் மாடல்கள் இரண்டில், சுமை 120 முதல் 150 சதவீதம் வரை போன பிறகே அணையும்படி இருந்த அமைப்பை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, பழையவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது. முத்திரையும் பாதுகாப்பும் வேறு வேறு என்பதை நுகர்வோர் ஆணையத்துக்கு விளக்க இந்த உதாரணம் உதவியது.

அடுத்த தடை 'வணிக நோக்கம்'. கம்ப்யூட்டரில் சம்பாதிக்கிறவர் நுகர்வோரே அல்ல என்று வாதிட்டார்கள். இதற்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரான லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியது. தன் கையால் எடிட் செய்து வயிறு கழுவுகிறவருக்கும் அதே நியாயம்தானே?

ஆணையம் ஏற்றது. எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் விலை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தர உத்தரவிட்டது. இழந்த வருமானத்தை மட்டும் ஆதாரமில்லை என்று தள்ளியது. கல்யாண வீட்டில் கையில் வாங்கிய பணத்துக்கு ரசீது ஏது? ஆய்வுக்கூடம் தேவைப்படாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுடையது ஒரு வருடத்தைத் தாண்டியது. அதற்குள் அவர் எடிட்டிங்கை விட்டுவிட்டுப் பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். தீர்ப்பில் ஜெயித்தோம், அந்தத் தொழிலை மீட்டுத் தர என்னால் முடியவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்டுக்கு எவ்வளவு வாட் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வதைப் பார்த்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பெனி, மாடல், வாட் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பழுதானால் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுங்கள். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.