உடப்பில் ஒரு நடை

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளிலே பழைய ஊர்களைப் பார்த்தபடி நடப்போர்க்கு வழிநூல்கள் பல உண்டு. உடப்பிலே ஏறுதற்குக் குன்றில்லை. சிலாபம்–புத்தளம் வீதியில் பத்துளுஓயாவில் இறங்கி மேற்கே நடந்தால், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில் ஊர் தொடங்கிவிடும். முதியோரும் எளிதில் நடக்கலாம். வெயிலைத்தான் பொறுத்தல் வேண்டும்.

ஊர்நடுவே திரௌபதை அம்மன் கோயில். ஆடித் திருவிழாவிலே தீமிதிப்பு நிகழும். முன்னோர் இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்தனர் என்பது ஊர்வழக்கு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையூர்கள் பல 20ஆம் நூற்றாண்டிலே தமிழ் நீங்கிச் சிங்களத்துக்கு மாறின. பள்ளிகளின் பயிற்றுமொழி மாறியமை அதற்கொரு காரணம். உடப்பு மாறவில்லை. கோயிலே காத்தது என்பர். கரைவலைக்கும் அதிற் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடியலிற் கரைக்குச் சென்றால் இது விளங்கும். வலையின் இரு தலைப்புக் கயிறுகளையும் பற்றிப் பின்னோக்கி அடிபெயர்த்து இழுப்போர் பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் ஏற்பர். அவ்வோசைக்கே கால்கள் பெயரும். தமிழ் தெரியாதவன் அக்கயிற்றிலே கைவைத்தல் அரிது.

பிற்காலத்திலோ இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய உருளையே வலையை இழுக்கலாயிற்று. ஆள் கிடைக்காத இடத்தில் அதனைக் குறைகூறல் தகாது. ஆயின், இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. உடப்பில் அம்பா அறிந்த முதியோர் இருக்கும்போதே, நம் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒருமுறை அங்கு நடந்து வரலாம்.