நாற்பத்தாறு புள்ளி

பரீட்சையில் தோற்றவருக்கு ஆறுதல் கூறுவதும் ஆசிரியத் தொழிலின் ஓர் அங்கமாகிவிட்டது. பதினோராண்டு காலமாக இத்தொழிலைச் செய்துவரும் என்னிடம் அதற்கென்றே சில சொற்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். விடாமுயற்சி, மனவுறுதி, தன்னம்பிக்கை என்று அவற்றை எடுத்து வழங்குவேன், மாணவர் தலையசைப்பர், என் கடமை முடிந்ததென்று நானும் அடுத்த பாடவேளைக்குச் சென்றுவிடுவேன். 2022ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் என் உடன்பிறந்த தம்பியே என் முன்னால் வந்து அமர்ந்தபோதுதான் அச்சொற்கள் எத்துணை மலிவானவை என்பதை உணர்ந்தேன்.

அவன் கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞன். தோட்டத்து லயத்தில் பிறந்து, நகரப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் வர்த்தகப் பிரிவிலே பயின்று, உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றும் பல்கலைக்கழக வாய்ப்பை மயிரிழையில் இழந்தவன். கொட்டாஞ்சேனையில் வேறு இருவரோடு ஓர் அறையிலே தங்கி, பகலில் உத்தியோகம், இரவில் படிப்பு என்று ஏ.சி.சி.ஏ. எனப்படும் தொழிற்கணக்காளர் பரீட்சைக்குத் தோற்றிவந்தான். அப்போது அது பதின்மூன்று தாள்களைக் கொண்டிருந்தது. எட்டைக் கடந்துவிட்டான். ஒன்பதாவதான நிதி முகாமைத்துவத்தில் கால் இடறியது. 2021 டிசம்பரில் 41 புள்ளி, 2022 மார்ச்சில் 43, ஜூனில் 46. சித்தியடைய வேண்டியது 50.

"ஒவ்வொரு தடவையும் கூடித்தானே இருக்கு" என்றேன், வேறெதுவும் தோன்றாமல்.

"ஆமாக்கா. இப்பிடியே இன்னும் ரெண்டு தடவை தோத்தா பாஸாகிருவேன்" என்று சிரித்தான். அச்சிரிப்பை நான் விரும்பவில்லை.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை இந்நாட்டு வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வீதியிலே உறங்கினர். சில வாரங்களுக்குள் ரூபாவின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. தம்பியின் பரீட்சைக் கட்டணமோ பிரித்தானியப் பவுணிலே செலுத்த வேண்டியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் வெளிவந்தது பெரிய வெற்றியென நாம் பேசினோம் அல்லவா? அந்தக் கணக்கின்படி, ஒரே ஒரு தாளுக்குத் தோற்றுவதற்கு அம்மா ஏறத்தாழ அறுபது நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்த்திருந்த ஒரு தொழிலின் கதவைப் பிறருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு 1904இல் இலண்டனிலே எட்டுக் கணக்காளர்கள் தொடங்கிய சங்கமே பின்னாளில் இந்தச் சங்கமாக வளர்ந்தது. கதவு திறந்துதான் இருந்தது. எங்கள் காசு தரையில் கிடந்தது.

இதையெல்லாம் நான் தம்பியிடம் சொன்னேன். நாணயப் பெறுமதியைப் பற்றியும், பிறமொழியில் எழுத நேர்ந்தவனின் இடரைப் பற்றியும், முதலாளி தரும் இரண்டு நாள் லீவைப் பற்றியும் உணர்ச்சியோடு பேசினேன். அவனோடு அதே பரீட்சையை எழுதும் ஒருவனுக்கு அவன் தந்தையின் நிறுவனமே ஒரு மாதம் சம்பளத்துடன் லீவு கொடுத்திருந்தது. அனைத்தும் உண்மை. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"சமுதாயத்துல பிழை இருக்குன்னு எனக்கும் தெரியுங்கா. டிசம்பர் மாசம் நான் என்ன செய்யணும்? அதச் சொல்லுக்கா."

வாயடைத்துப் போனேன். முற்போக்காளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் இக்குறை பரவலாக உண்டென்று நினைக்கிறேன். தோல்வியைத் தனிமனிதனின் சோம்பலென்று பழிப்பவர்களோடு நாம் வாதாடி வென்றுவிடுகிறோம். தோற்றவன் அப்படியே நின்றுகொண்டிருக்கிறான்.

அன்றிரவு அவனுடைய குறிப்புப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து தடித்த கொப்பிகள். பாடநூலின் அத்தியாயங்கள் அழகாகச் சுருக்கப்பட்டு, தலைப்புகள் சிவப்பு மையிலும் சூத்திரங்கள் கட்டங்களுக்குள்ளும் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க மனம் கனத்தது. ஏனெனில் அந்த முறை என்னுடையது. அவன் சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமான காலத்தில், பேராதனையிலே படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறையில் வந்து, மூன்று தடவை வாசி, பின்பு சுருக்கி எழுது என்று கற்றுக் கொடுத்திருந்தேன். அக்காவின் சொல்லைத் தம்பி இத்தனை ஆண்டுகளும் தட்டவில்லை.

கொப்பியை மூடிவிட்டுக் கேட்டேன்: "ரெண்டு வருசம் கழிச்சு வரப்போற காசை ஏன் கழிவு போட்டுக் குறைச்சுக் கணக்குப் பாக்கிறாங்க?"

அவன் கண்களை மூடிக்கொண்டான். "மூணாவது கொப்பி, வலது பக்கத்துல, மேல ஒரு கட்டம் போட்டு..." என்று தொடங்கினான். பக்கம் நினைவிருந்தது, பொருள் இல்லை.

அடுப்படியில் இருந்த அம்மாதான் விடை சொன்னார். "சீட்டுப் புடிக்கிறோமில்ல, அதுல மொத மாசமே காசு வேணும்னா கழிவு விட்டுத்தானே எடுக்கணும். கடைசி வரைக்கும் பொறுத்திருந்தாத்தான் முழுக்காசு. இன்னைக்குக் கையில இருக்கிற காசும் ரெண்டு வருசம் கழிச்சு வாற காசும் ஒண்ணா?"

தம்பி கண்ணைத் திறந்தான். ஏலச்சீட்டிலே அம்மா விட்டுக்கொடுக்கும் கழிவுதான் அவனுடைய பாடநூலில் கழிவீட்டு வீதம் என்ற பெயரோடு இருந்தது. அவசரத் தேவை உள்ளவள் கூடுதலாக விட்டுக்கொடுக்கிறாள். அவளுக்குப் பணத்தின் விலை அதிகம். அதுவே மூலதனக் கிரயம். அந்த விலைக்குக் கழிவு போட்ட பின்னும் ஒரு முயற்சி மீதம் தருமாயின் அதில் இறங்கலாம். அதுவே தேறிய நிகழ்காலப் பெறுமதி. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா இருபது பேர் கொண்ட சீட்டுகளில் முப்பதாண்டுகளாக இதைச் செய்துவருகிறார். இருபது மாதச் சீட்டு, ஒரு லட்சம் ரூபா. அதை அவ்வாண்டின் தொடக்கத்திலே 78,000 ரூபாவுக்கு எடுத்தவர், மார்ச் மாதக் கட்டணத்துக்காக என்பதை அப்போதுதான் எங்களிடம் சொன்னார்.

அவ்விரவுக்குப் பின் நாங்கள் முறையை மாற்றினோம். மாற்றினோம் என்று எளிதாக எழுதிவிட்டேன். ஐந்து கொப்பிகளையும் கட்டி ஊரிலே வைத்துவிட்டுச் செல்ல அவனுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. வாசித்ததை மறுபடி வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலிருக்கும். அந்தப் பரிச்சயத்தை அறிவென்று நம்பிவிடுகிறோம். ஜெர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, மனிதர் எத்துணை விரைவாக மறக்கின்றனர் என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். 2006இல் அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்களே ஐந்து நிமிடங்களின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் ஒரு வாரம் கழிந்தபோது, வாசித்தபின் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். கல்வியியல் டிப்ளோமாவுக்காக இவற்றை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதிச் சித்தியும் அடைந்தேன். அதற்கும் முன்னரே, கேட்டதை நினைத்துப் பார்த்தலையும், வினாவுதலையும், வினாவுக்கு விடை கூறுதலையும் மாணாக்கரின் கடமைகளுள் வைத்து எண்ணுகிறது நன்னூல். அந்தச் சூத்திரத்தை ஆண்டுதோறும் என் மாணவருக்கு மனனஞ் செய்யக் கொடுத்துவந்தவள் நான்!

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் குறித்து, புத்தகமின்றி எழுதச் செய்து, சங்கம் வெளியிடும் விடைகளையும் பரீட்சகர் அறிக்கைகளையும் கொண்டு நாங்களே திருத்தினோம். எனக்கு நிதி முகாமைத்துவம் தெரியாது. ஆயினும் விடைத்தாள் திருத்தத் தெரியும். நூறு புள்ளிக்கு மூன்று மணிநேரம். எனவே ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடமும் நாற்பத்தெட்டு விநாடியும். இருபது புள்ளிகொண்ட நெடுவினா இரண்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் முப்பத்தாறு நிமிடம். தம்பி முதலாவதன் கணக்கு முற்றாகச் சரிவர வேண்டுமென்று ஐம்பத்தைந்து நிமிடம் செலவிட்டான். கணக்கு சரிதான். அதனடியில் ஆராய்க என்று கேட்கப்பட்ட பகுதி வெறுமையாகக் கிடந்தது. இரண்டாம் வினாவில் அப்பகுதிக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தான். அதுவோ கேட்ட வினாவுக்கு விடையன்று, அவனுக்குத் தெரிந்திருந்த விடயம். விடைத்தாள் மதிப்பீட்டுக்குச் சென்ற ஆசிரியர் எவரும் இந்நோயை அறிவர். விபரிக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்னும் ஏவல்களின் வேறுபாட்டைக் கற்பிப்பது எங்கள் அன்றாட வேலை. கணக்கறியாத் தமிழாசிரியை கணக்காளனுக்குப் பயன்பட்ட இடம் இதுவே.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். பரீட்சை கணினியிலே நடக்கிறது. அவன் பயிற்சி முழுவதும் பேனாவால் செய்திருக்கிறான். சொந்தமாகக் கணினி இல்லை. அதன்பின் வேலை முடிந்ததும் ஒரு மணிநேரம் அலுவலகக் கணினியில் பயிலக் கணக்குப் பகுதித் தலைவரிடம் அனுமதி கேட்டான். கேட்கக் கூச்சப்பட்டே ஒன்றரை ஆண்டு போயிருந்தது.

செப்டெம்பர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசியில் அழைப்பான். ஒரே ஒரு கருத்தை ஐந்து நிமிடத்துக்குள் தமிழிலே எனக்கு விளக்க வேண்டும். எனக்கு விளங்காவிடில் அவனுக்கும் விளங்கவில்லை என்பது விதி. பின்பு அதையே ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களாக எழுதி அனுப்ப வேண்டும். முதலில் அவ்வாக்கியங்கள் நொண்டின. ஆனால் தமிழில் தெளிந்த பொருள் ஆங்கிலத்தில் நொண்டியேனும் நடந்தது. மனனஞ் செய்த ஆங்கிலம் இரண்டடி வைத்ததுமே விழுந்துகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் ஒரு நெடுவினா எழுதி, பெற்ற புள்ளியை ஒரு தாளில் குறித்தான். இருபதுக்கு 7, 6, 9, 9, 11.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு 5 வந்தது. அதன்பின் ஒன்பது நாட்கள் அழைக்கவில்லை. என் பழைய சொற்கள் யாவும் நாவின் நுனியில் வந்து நின்றன. அவற்றை விழுங்கிக்கொண்டு, "இரண்டாவது வினா என்ன கேட்டது?" என்று மாத்திரம் செய்தி அனுப்பினேன். மறுநாள் இரவு விடை வந்தது. கேட்டது ஒன்று, அவன் செய்தது வேறொன்று. அதைக் கண்டுகொண்டபின் மறுபடி எழுதினான், 12. ஊக்கம் பிறந்த பிறகு படிக்கலாமென்று காத்திருக்கும் மாணவரை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன். தம்பியிடம் அது அந்தத் தாளிலிருந்த எண்களின் பின்னாலேயே வந்தது, அதுவும் தயங்கித் தயங்கி.

முறையை மாற்றியதால் பவுணின் விலை இறங்கிவிடவில்லை. லீவு இரண்டு நாட்களாகவே இருந்தது. அவனோடு அறையில் தங்கியிருந்தவர்களுள் ஒருவன் அதே தாளில் நான்காம் முறையும் தோற்று, படிப்பை விட்டு, கட்டாருக்குச் சென்றுவிட்டான். அவன் தம்பியைவிடக் கெட்டிக்காரன். அவனுக்கு ஒன்பதரை மணிக்கு அழைக்க ஒருவரும் இருக்கவில்லை.

2023 ஜனவரியில் டிசம்பர்ப் பரீட்சையின் பெறுபேறு வந்தது: 53. தம்பி முதலில் அம்மாவுக்கே அழைத்தான். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தன இருக்கு சாமி?"

"நாலும்மா."

"அப்ப புதுச் சீட்டுக்குப் பேர் குடுத்துடுறேன்" என்றார் அம்மா. "இந்தத் தடவை கடைசியிலதான் எடுக்கணும்."