நீலத் தொட்டியும் சிவப்புத் தொட்டியும்

சென்ற ஆண்டு ஆறு மாத காலம் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஹைலண்ட் பார்க்கில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசப் பெருமாள் கோயில் காரில் சென்றால் அதிக தூரமில்லை. ஊரில் யூதர்கள் மிகுதி. சனிக்கிழமை காலையில் அவர்கள் வாகனம் தொடாமல், குடும்பம் குடும்பமாக ஜெபக்கூடத்துக்கு நடந்தே செல்வதைச் சன்னலில் நின்று பார்ப்பேன்.

அடுத்த வீட்டில் எண்பதைக் கடந்த யூத மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். வழுக்கி விழுந்து வலக்கையில் கட்டுப் போட்டிருந்த அவருக்கு ஒத்தாசையாகக் காலையில் ஒரு மணி நேரம் போய் இருப்பேன். பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் ஆகையால் பேச்சுக்குக் குறைவில்லை.

அவர் சமையலறையைக் கண்டு திகைத்துப் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டி இரண்டு, அலமாரி இரண்டு, கரண்டி, தட்டு, துடைக்கும் துணி யாவும் இரண்டிரண்டு. நீலக் குறியிட்டவை பாலுக்கு, சிவப்புக் குறியிட்டவை மாமிசத்துக்கு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் கட்டளை அவர்களுடைய தோராவில் மூன்று இடங்களில் வருகிறதாம். அந்த ஒரு கட்டளையிலிருந்து கிளைத்தவை இத்தனையும். மாமிசம் உண்டபின் பால் அருந்த அவர் ஆறு மணி நேரம் காத்திருப்பார். சூட்டில் பாத்திரம் உணவின் சாரத்தை உட்கொண்டுவிடும் என்பது அவர்கள் கொள்கை. உலோகமானால் கொதிநீரில் முக்கி மீட்கலாம். மண்ணும் பீங்கானும் மீளா. வேள்விப் பலி வெந்த பாத்திரம் மண்ணாயின் உடைக்க வேண்டும், வெண்கலமாயின் தேய்த்து அலச வேண்டும் என்று அவர் சொன்னபோது, கிரகணத்துக்கும் தீட்டுக்கும் எங்கள் வீட்டில் மண்பானைகளை வெளியே எறிந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேமிலிருந்த ஆலயத்தை இடித்தபின், அவரவர் வீட்டு உணவு மேசையே பலிபீடத்தின் இடத்தில் நிற்கிறதாம். பலியில் உப்பு சேர்த்த நினைவாகவே ரொட்டியை உப்பில் தொட்டு உண்கிறார்கள். (வெளிநாடு செல்லும் நம்மவர்க்கு ஒரு சொல்: கடைப் பொட்டலத்தில் கோஷர் முத்திரையோடு ‘பார்வ்’ என்று இருந்தால் பாலும் மாமிசமும் இல்லை என்றே பொருள். முட்டையும் மீனும் இருக்கலாம். நான் ஏமாந்திருக்கிறேன்.)

நான் சைவமாதலால் நீலப் பக்கம் மட்டுமே எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் பாலில் காய்ச்சிய கஞ்சி உண்ட பீங்கான் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அவருடைய தாயார் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவற்றுள் எஞ்சியது அந்தக் கிண்ணம் ஒன்றே. கையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: ஏதோ நினைவில் சிவப்புத் தொட்டியில் நின்றிருக்கிறேன். பஞ்சும் சிவப்பு. குழாயில் வந்தது வெந்நீர்.

அவர் கூடத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் கிண்ணம் நீல அலமாரிக்குப் போய்விடும். சொன்னால் ஒருவேளை குப்பைக்குப் போகும்.

1971-ஆம் ஆண்டு, புரட்டாசிச் சனிக்கிழமை. என் மாமியார் மடியாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டுத் துளசி பறிக்கப் போயிருந்தார். பொங்கல் அடிபிடிக்கும் வாசனை வரவே, குளிக்காத நான் ஓடிச்சென்று வெண்கலப் பானையை இறக்கி வைத்தேன். அவர் வந்தார், தாமே இறக்கினோம் போலும் என்று எண்ணி நைவேத்தியம் செய்தார். நான் வாய் திறக்கவில்லை. அவர் காலமாகும் வரையிலும் திறக்கவில்லை.

கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆயினும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இடக்கையால் தொலைபேசியை எடுத்துத் தம் ரப்பியை அழைத்தார். ரப்பி என்னிடமே பேச விரும்பினார்.

“தண்ணீர் எவ்வளவு சூடு?”

“சூடுதான், ஐயா.”

“கை பொறுத்ததா? கையுறை அணிந்திருந்தீர்களா?”

“வெறுங்கை. பொறுத்தது.”

கை பொறுக்கும் சூட்டில் பாத்திரம் எதையும் உட்கொள்ளாது, குளிர்ந்த நீரில் அலசி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். பஞ்சு மட்டும் குப்பைக்குப் போயிற்று.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரு கிண்ணத்துக்கா இவ்வளவு என்று மூதாட்டி கேட்கவே, பொங்கல் கதையைச் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஒருவரிடமும் சொல்லாதது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

“அந்தப் பானை மண்ணா, உலோகமா?”

“வெண்கலம்.”

“பிறகு தேய்த்தீர்களா?”

“அன்று மாலையே, புளி போட்டுத் தேய்த்தேன்.”

தலையை அசைத்தார். பிறகு எழுந்துபோய், கிண்ணத்தை ஒரு கையால் எடுத்து நீல அலமாரியில் வைத்தார்.