பறக்க வேண்டாம், நின்றால் போதும்

கழித்துப் போட்ட பழைய கணினி ஒன்றை வீட்டு ரவுட்டராக்கினேன். அதிலிருந்த ஹார்டு டிஸ்க் கடகடத்ததால் கழற்றிவிட்டு, எப்போதோ இலவசமாகக் கிடைத்த 16 ஜிபி பென்டிரைவில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால்-ரவுட்டர் மென்பொருளை நிறுவினேன். ரவுட்டர் ஒருமுறை கிளம்பினால் மாதக்கணக்கில் ஓடும். அந்த ஒருமுறை படிப்பதற்கு எது இருந்தால் என்ன என்பது என் கணக்கு.

பதினாலாவது மாதம் ஒரு மாலை மின்சாரம் போய் வந்தது. ரவுட்டர் வரவில்லை. மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினால், பூட் டிவைஸ் இல்லை என்கிறது. பென்டிரைவை மடிக்கணினியில் செருகினேன், அங்கேயும் அசைவில்லை. "சீரியல் பாதியில நிக்குதுடா" என்று அம்மா கூப்பிட்டார்.

படிப்பதைக் கணக்கில் வைத்தவன், எழுதுவதை மறந்திருந்தேன். ஃபயர்வால் தடுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் லாக்கில் ஒரு வரி விழும். எந்தக் கைபேசிக்கு எந்த ஐபி என்ற பட்டியல், வரைபடங்களுக்கான எண்கள் என்று ராத்திரி பகலாக எழுத்து வேலைதான். ஃபிளாஷில் ஒரு வரியை மட்டும் அழித்து எழுத முடியாது. அழித்தால் ஒரு தொகுதியையே அழிக்க வேண்டும். கலத்துக்கு மூன்று பிட் அடைக்கும் மலிவு ரகம் ஓராயிரம், மூவாயிரம் முறை அழித்தால் ஓய்ந்துவிடும். எஸ்எஸ்டி இந்தத் தேய்மானத்தை எல்லாக் கலங்களுக்கும் பங்கு போடும். பென்டிரைவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. எந்தத் தரவு எங்கே என்ற அட்டவணையை அது திருத்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ, மொத்தமாகவே படுத்துவிடலாம். என்னுடையது தேய்ந்து செத்ததா, அதிர்ந்து செத்ததா தெரியாது.

முன்னோர்கள் விவரமாகத்தான் இருந்தார்கள். 2015-இல் நிறுத்தப்பட்ட மோனோவால் என்ற ஃபயர்வால் மென்பொருள், 16 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைக்குள் அடங்கியது. கிளம்பியதும் முழுவதும் ராமுக்கு ஏறிவிடும். அமைப்பை மாற்றினால் மட்டுமே அட்டையில் எழுதும். ஓபிஎன்சென்ஸிலும் பென்டிரைவுக்கென்றே 'நானோ' பதிப்பு இருக்கிறது. நான்தான் சாதாரணப் பதிப்பைப் போட்டிருந்தேன்.

மறுநாள் சென்னை ரிச்சி தெரு. கடைக்காரர், "என்விஎம்இ போடுங்க சார், பறக்கும்" என்றார். "பறக்க வேண்டாம்ணே, நின்னா போதும்" என்றேன். என் போர்டில் அதற்கு இடமும் இல்லை. சாட்டாவில் மாட்டும் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். ரவுட்டருக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. ஆனால் காலி இடம் எவ்வளவுக்கு இருக்கிறதோ அவ்வளவுக்குத் தேய்மானம் பரவும். லாக்குகளை ராமுக்கு மாற்றினேன். இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: ரவுட்டர் ஏன் விழுந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, விழும்போதே அழிந்துவிடும்.

ரவுட்டரின் அமைப்பு முழுவதும் கான்ஃபிக் என்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பது பெரிய நிம்மதி. எட்டு மாதத்துக்கு முந்தைய பிரதி மின்னஞ்சலில் கிடந்தது. கேமராவுக்கான போர்ட்டை மட்டும் மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

"இப்ப முன்னைவிட பாதி நேரத்துல கிளம்பிடும்மா" என்றேன்.

"இன்வெர்ட்டர் லைன்ல மாட்டியிருந்தா அணைஞ்சே இருக்காதே" என்றார் அம்மா.