விம்கோ நகரிலிருந்து நிங்போவுக்கு

சீனாவுக்குக் குடிபோகிறோம் என்று சொன்னதும் அந்தக் குடும்பத்திடம் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அங்க போய் இன்னா சாப்பிடுவீங்க?" பாம்பு, தேள், கரப்பான் பூச்சி என்று ஆளுக்கொரு பட்டியலும் இலவச இணைப்பாகக் கிடைத்தது. யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. "அங்க போய் யார்கிட்ட பேசுவீங்க?"

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, கேட்டிருக்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான் என்று.

விம்கோ நகர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வடசென்னையில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். சுவீடன்காரர்கள் 1923-ல் இந்தியாவில் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'யின் சுருக்கம். அந்தத் தொழிற்சாலையின் பெயரே ஊருக்கும், ரயில் நிலையத்துக்கும், 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ பாதைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் துறைமுகம் என்பதால் சாலையில் எந்நேரமும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வீட்டுப் பையன் சிறுவயதில் அந்தப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் ஆங்கிலம் பழகினான். சில பெட்டிகளில் சீன எழுத்தும் இருக்கும். அதை மட்டும் படிக்க முடியாது. பிறகு கப்பல் சரக்குத் துறையிலேயே வேலைக்குப் போனான். 2024 செப்டம்பரில், அந்தப் பெட்டிகள் புறப்படுகிற ஊர்களில் ஒன்றான நிங்போவிலேயே வேலை கிடைத்தது.

நிங்போ ஷாங்காய்க்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. கையாளும் சரக்கின் எடையை வைத்துப் பார்த்தால் நிங்போ-சோஷான் துறைமுகம்தான் உலகத்திலேயே பெரியது. ஆண்டுக்கு நூறு கோடி டன்னுக்கும் மேல். அப்போது இந்தியாவிலிருந்து சீனாவுக்கு நேரடி விமானம் கிடையாது. 2020-ல் நின்றுபோனது, 2025 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. அதனால் சிங்கப்பூர் வழியாக ஷாங்காய் போய், அங்கிருந்து காரில் ஹாங்சோ வளைகுடாப் பாலத்தைக் கடந்து போனார்கள். பாலம் மட்டுமே 36 கிலோமீட்டர். ஐந்து வயது மகள் பாலம் முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

கணவர், மனைவி, மகள். மூன்று பேர்தான் போனார்கள். கணவரின் அம்மா வரவில்லை. "எனக்கு ஒரு தபா ஊர் மாறினது போதும்பா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

போன உடனே செய்ய வேண்டிய முதல் வேலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது! பயப்பட வேண்டாம். வெளிநாட்டுக்காரர் ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்புறம் 30 நாளைக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். கணவருக்கு வேலை விசா. மனைவிக்கும் மகளுக்கும் குடும்ப விசா. அதில் வேலை பார்க்க முடியாது.

இங்கேதான் மனைவிக்கு முதல் அடி. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பி.காம். மாதச் சம்பளம், தனி ஸ்கூட்டி, தனி பேங்க் கணக்கு. நிங்போவில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கக்கூட அவரால் முடியவில்லை. உப்பு என்று நினைத்து வாங்கி வந்தது அஜினோமோட்டோ. சர்க்கரை என்று நினைத்து வாங்கியது உப்பு. படித்த பெண் ஒரே நாளில் கைநாட்டாகிவிட்டார். கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். அவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுகிற ஆட்கள் உண்டு. மகளுக்குப் பள்ளி உண்டு. இவருக்கு நாலு சுவர்.

பேசிப் பார்க்காமல் இல்லை. கொஞ்சம் கற்றுக்கொண்டு கிளம்பினார். சீன மொழியில் ஓசை ஏறி இறங்கினால் அர்த்தமே மாறிவிடும். 'மாய்' என்று தாழ்த்தி எடுத்தால் வாங்குவது. அதையே மேலிருந்து கீழே வெட்டிச் சொன்னால் விற்பது. மீன் கடையில் போய் நின்று "மீன் விற்கிறேன், மீன் விற்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். (சிரிக்காதீர்கள். கடைக்காரம்மாவும் சிரிக்கவில்லை. தன் தராசைக் காட்டி, "உன் மீன் எங்கே?" என்பதுபோல் கையை விரித்தாராம்.)

ஆனால் அந்த மீன் சந்தைதான் அவரைக் காப்பாற்றியது. அவர் பிறந்த வீடு காசிமேடு. நிங்போ சந்தையில் முதல் தடவை நுழைந்தபோது வெள்ளி வார் மாதிரி நீளமாக அடுக்கி வைத்திருந்த மீனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வாளை மீன்! சீனர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கும் வார் மீன் என்றுதான் அர்த்தம். பக்கத்திலிருக்கும் சோஷான் தீவுகளின் வாளை சீனா முழுக்கப் பிரபலம். செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஒன்றை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். அந்த ஊரில் அவரை விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்த முதல் மனுஷி அந்த அம்மாதான்.

விலையில் மட்டும் குழப்பம் இருந்தது. அங்கே எடை 'ஜின்' கணக்கு. ஒரு ஜின் என்றால் அரை கிலோ. கிலோ விலை என்று நினைத்து முதல் நாள் ஆசையாக வாங்கி, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். விரல் கணக்கும் வேறு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் நமக்கு இரண்டு. அவர்களுக்கு எட்டு! எட்டு யுவான் கூறுக்கு இரண்டு யுவானை நீட்டிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார். பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார் அந்த அம்மா.

மற்ற சாமான்கள் சமாளித்துக்கொள்ளலாம். கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, பாகற்காய் எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். புளிக்கும் பருப்புக்கும் யிவூ. நிங்போவிலிருந்து அதிக தூரமில்லை. மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். நம் வியாபாரிகள் நிறையப் பேர் இருப்பதால் இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. கூரியரில் வந்துவிடும். கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை. ஆக, ஊரார் கேட்ட முதல் கேள்விக்கு ஒரு மாதத்தில் பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பேச்சு.

மகன் தினமும் அம்மாவுடன் பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் சீனாவில் வாட்ஸ்அப் 2017 முதல் முடக்கம். கூகிளும் யூடியூபும் கிடையாது. அங்கே எல்லாமே வீசாட். பேச்சு, பணம், பள்ளிக்கூட அறிவிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். சரி, அம்மாவுக்கும் வீசாட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றால், லடாக் மோதலுக்குப் பிறகு 2020 ஜூன் 29-ல் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இந்த ஊர்க் கதவை அவர்கள் சாத்திவிட்டார்கள், அந்த ஊர்க் கதவை நாம் சாத்திவிட்டோம். நடுவில் ஒரு ஆயாவும் பேத்தியும்.

மிச்சமிருந்த வழி, சென்னை சிம்மை ரோமிங்கில் போட்டுப் பேசுவது. அதில் வாட்ஸ்அப் வரும். காசும் அதே வேகத்தில் கரையும். அதனால் நாளைக்குப் பத்து நிமிடம் என்று ரேஷன் வைத்தார்கள்.

இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி மாமியார் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. அவருக்கு இது பழக்கம். அவர் பிறந்தது ரங்கூனில். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சின்னக் கடை வைத்திருந்த அவர் அப்பா குடும்பத்தோடு 1965-ல் கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது எட்டு வயது. இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பர்மா பஜாரும், பீச் பக்கம் விற்கிற அத்தோவும் அவர்கள் கொண்டு வந்ததுதான். எண்ணூரில் ஒரு பகுதிக்கே பர்மா நகர் என்று பெயர்.

சொந்த ஊர் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தமிழைவிட பர்மிய மொழிதான் வாயில் வந்தது. 'பர்மாக்காரி' என்று கேலி. ஆறு மாதம் வாயே திறக்கவில்லையாம். ரங்கூனில் தங்கிவிட்ட பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுபோனது.

"பாப்பா ஸ்கூல்ல பேசவே மாட்டேங்குது அத்தை, பயமா இருக்கு" என்று மருமகள் அழுதபோது அவர் சொன்னது இதுதான். "பேசும், வுடு. காது ரொம்பட்டும். ரொம்பினா வாய் தானா தொறக்கும்."

அப்படியே நடந்தது. நவம்பர் நடுவில் ஒரு நாள் லிஃப்டில் எதிர்வீட்டு அம்மா "ச்சர் ல ம?" என்று கேட்க, மகள் சடாரென்று பதில் சொன்னாள். "என்னடி கேட்டாங்க?" "சாப்ட்டியான்னு கேட்டாங்கம்மா." அன்றைய பத்து நிமிடம் முழுக்க இந்தப் பேச்சுதான். மாமியார் சிரித்துக்கொண்டே, "எங்க ரங்கூன்லயும் இதான், 'தமின் சா பீ பீ லா'ன்னுதான் கேப்பாங்க" என்றார். அறுபது வருடத்துக்குப் பிறகும் மறக்கவில்லை.

நவம்பர் கடைசியில் குளிர் ஆரம்பித்தது. சீனாவில் வடக்குப் பக்கம்தான் அரசு ஏற்பாட்டில் வீட்டுக்கு வீடு வெப்பக் குழாய். நிங்போ தெற்கில் சேர்த்தி. வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எதிர்வீட்டு அம்மா ஒரு தடித்த மெத்தையையும் ஒரு ஃபிளாஸ்க்கையும் கொண்டு வந்து கொடுத்து, வெந்நீர் குடி, வெந்நீர் குடி என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் ஃபெங்கல் புயல். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. சென்னையில் விடாத மழை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அன்று காலை பேசும்போது மாமியார் "கரண்ட் போய்டுச்சு, போன்ல சார்ஜ் கம்மியா கீது" என்றார். அதோடு சரி. சனி இரவு இல்லை. ஞாயிறு முழுக்க இல்லை. ஆங்கிலச் செய்தியில் தண்ணீர் நிற்கும் தெருக்களைக் காட்டினார்கள், விம்கோ நகரைக் காட்டவில்லை. மகன் தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்துப் பார்த்தார். யாருக்கும் லைன் போகவில்லை.

திங்கட்கிழமை மதியம் போன் வந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கீழ் வூட்லதான் தண்ணி பூந்துடுச்சு. அந்த பீகார் பொண்ணு, ரெண்டு புள்ளைங்க, அவ வூட்டுக்காரரு, நாலு பேரும் மேலதான் இருக்காங்க. உங்க ரூம தொறந்து வுட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காத. அவதான் ரொட்டி போட்டுக் குடுத்தா. அவ வூட்டுக்காரருதான் போன எடுத்துனு போய் எங்கியோ சார்ஜ் போட்டுனு வந்தாரு."

மருமகளால் உடனே பேச முடியவில்லை. அந்தக் குடும்பம் கீழ் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கணவன் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பெண் வாசலில் நின்று இவரைப் பார்த்துச் சிரிக்கும். தமிழ் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவார் இவர். காயப்போட்ட துணி விஷயமாக ஒரு தடவை சத்தம்கூடப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் அன்றைக்கு எதுவும் பதில் சொல்லவில்லை. சொல்ல வார்த்தை இருந்திருக்காது. உப்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவருக்கு அது இப்போது புரிந்தது.

"அத்தை, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"பேரா? நான் 'ஏ பொண்ணு'ன்னுதான் கூப்புடுவேன். இரு, கேட்டுச் சொல்றேன்."

அவர் அறைக்குள் திரும்பிக் கேட்பது கேட்டது. ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது. அதற்குள் ரோமிங் காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் காலை ரீசார்ஜ் செய்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.